ஆயுள் முடிந்த சூரியத் தகடுகளுக்கு யார் பொறுப்பு?

(சிங்கப்பூர், தேக்கா வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்களும் கிராணிமார்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)

சூரிய வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகளைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அவற்றின் பெருமையை எடுத்துச் சொல்ல வேறு ஆட்கள் வேண்டியதில்லை. விற்பவர்களே அந்த வேலையை நன்றாகச் செய்கிறார்கள். ஆகவே நான் அந்தத் தகடுகளின் கடைசிக் காலத்தைப் பற்றிச் சில விஷயங்கள் சொல்ல விரும்புகிறேன். கூரையிலிருந்து இறக்கிய பிறகு அவை எங்கே போகின்றன? யார் செலவில் போகின்றன? யாருடைய கை அவற்றைப் பிரிக்கிறது? இவைதான் என் கேள்விகள்.

பால்மரக் காட்டில் வேலை செய்பவர்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். சம்பந்தம் நிரம்ப உண்டு. ஒரு ரப்பர் மரத்தை எத்தனை காலம் வெட்டலாம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கன்று நட்டு ஆறேழு வருஷத்தில் உளி வைக்கிறோம். இருபத்தைந்து, முப்பது வருஷமானால் பால் குறைந்துவிடுகிறது. பிறகு மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்கிறார்கள். சூரியத் தகட்டின் ஆயுளும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். 25 முதல் 30 வருஷம் வரை அது மின்சாரம் தரும். வருஷத்துக்கு நூற்றுக்கு அரைப் பங்கு போல அதன் பலம் குறைந்துகொண்டே வரும். கடைசியில் அதையும் இறக்கிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டியதுதான்.

ஆனால் மரத்தைச் சாய்த்துப் போட்டால் சில வருஷத்தில் அது மண்ணோடு மண்ணாகிவிடும். தகடு அப்படி ஆவதில்லை.

முதலில் இந்த ஊரின் நிலையைப் பார்ப்போம். 1954 ஏப்ரலில் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தார் சிலிக்கனால் செய்த சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டினார்கள். அது சிங்கப்பூர் அடுக்குமாடிகளின் கூரைக்கு வந்து சேர ஐம்பது வருஷத்திற்கு மேலாயிற்று. 2008 ஆம் ஆண்டில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் சிராங்கூன் நார்த்திலும் வெலிங்டன் சர்க்கிளிலும் முதன்முதலாகத் தகடுகளை வைத்துச் சோதித்துப் பார்த்தது. 2014 இல் சோலார்நோவா என்னும் திட்டம் வந்தது. 2021 பிப்ரவரியில் அரசாங்கம் பசுமைத் திட்டம் ஒன்றை அறிவித்து, 2030 க்குள் குறைந்தது 2 கிகாவாட் என்று குறி வைத்தது. அதே வருஷம் ஜூலையில் தெங்கே நீர்த்தேக்கத்தின்மேல் மிதக்கும் மின்நிலையம் திறக்கப்பட்டது. அங்கே மட்டும் 122,000 தகடுகள் தண்ணீர்மேல் கிடக்கின்றன. 2025 ஆம் ஆண்டுக்கு என்று வைத்திருந்த 1.5 கிகாவாட் இலக்கும் எட்டப்பட்டுவிட்டது.

கிராணிமார்களே, நீங்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள்; ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தகடு 25 கிலோ என்று வைத்தால் தெங்கேயில் மட்டும் மூவாயிரம் டன்னுக்கு மேல் வருகிறது. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 50 கிலோ என்று வைத்தால், 1.5 கிகாவாட்டுக்கு 75,000 டன் வரும். இது என் கைக்கணக்கு. கொஞ்சம் கூடலாம், குறையலாம். சிங்கப்பூரில் ஒரு வருஷத்தில் சேரும் மின்சாதனக் கழிவு முழுவதும் ஏறக்குறைய 60,000 டன் என்று அரசாங்கம் சொல்லிவருகிறது. கூரைகளின்மேல் இன்று வெயில் காய்ந்துகொண்டிருப்பது அதைவிட அதிகம்! அத்தனையும் ஒரே நாளில் இறங்கப்போவதில்லை. சோதனைக்கு வைத்த முதல் தகடுகளுக்கு 2033 க்கு மேல்தான் வயதாகும். பெரிய அலை 2040 க்குப் பிறகு வரும். ஆனால் புயலில் உடைவதும், கூரை பழுதுபார்க்கும்போது இறக்குவதும், இன்னும் பலமான தகடு மலிவாகக் கிடைக்கிறதென்று பழையதைக் கழற்றிப் போடுவதும் இப்போதே உண்டு.

சிங்கப்பூரில் குப்பையை எரித்துச் சாம்பலைப் புலாவ் செமக்காவ் தீவில் கொட்டுகிறார்கள். 1999 இல் திறந்த அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது மதிப்பீடு. சின்னஞ்சிறிய நாடு. இன்னொரு தீவுக்கு எங்கே போவது? தகடோ பெரும்பகுதி கண்ணாடி. எரித்தால் எரியாது. அப்படியே போய் இடத்தைத்தான் அடைக்கும்.

இனித் தகட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். எடையில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கண்ணாடி. சுற்றிலும் அலுமினியச் சட்டம். உள்ளே மெல்லிய சிலிக்கன் வில்லைகள். அவற்றை இணைக்கும் செப்புப் பட்டைகள். ஒட்டுவதற்கு ஈயம் கலந்த பற்று. மின்சாரத்தைச் சேர்த்துக் கொடுக்க மயிர்போன்ற வெள்ளிக் கோடுகள். நம் பக்கத்தில் காசையும் வெள்ளி என்று சொல்வதால் குழப்பிக்கொள்ளாதீர்கள். இது வெள்ளி உலோகம். ஒரு தகட்டில் சில கிராம்தான் இருக்கும். ஆயினும் கழற்றிய தகட்டின் மதிப்பில் பெரிய பங்கு இந்தச் சில கிராமில்தான் அடங்கியிருக்கிறது.

சட்டத்தைக் கழற்றுவது சுலபம். பின்புறத்துப் பெட்டியையும் கம்பியையும் அறுத்தெடுப்பதும் சுலபம். சங்கடம் அதற்குப் பிறகுதான். மழையும் காற்றும் புகாதபடி கண்ணாடியையும் வில்லையையும் பின்தாளையும் ஒருவகைப் பிசினால் சூடாக்கி ஒட்டிவிடுகிறார்கள். இது வெறும் பசையன்று. சூட்டில் தன்னோடு தானே பின்னிக்கொள்ளும் பிசின். ரப்பரைப் பற்றி அறிந்த உங்களுக்கு இது உடனே விளங்கும். ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடுபடுத்தி டயர் செய்துவிட்டால், அந்த டயரை மறுபடி பாலாக்க முடியுமா? முடியாது. தகட்டுப் பிசினும் அந்த ஜாதிதான். இருபத்தைந்து வருஷம் வெயிலிலும் மழையிலும் பிரியாமல் இருப்பதற்காகவே அதை அப்படிச் செய்திருக்கிறார்கள். பிரிக்கக் கூடாது என்று செய்த பொருளைப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

அதனால் பல இடங்களில் முழுத் தகட்டையும் யந்திரத்தில் போட்டு நொறுக்கிவிடுகிறார்கள். கண்ணாடித் தூளும் சிலிக்கனும் பிசினும் கலந்து வருகின்றன. அந்தக் கண்ணாடி மறுபடி நல்ல கண்ணாடியாவதில்லை. மலிவான காரியங்களுக்குத்தான் போகும். சூடேற்றிய கத்தியால் கண்ணாடியை முழுசாகச் சீவியெடுக்கும் யந்திரத்தை ஜப்பானில் செய்திருக்கிறார்கள். பிசினை உலையில் எரித்துவிட்டு மற்றவற்றைப் பிரிக்கும் முறையும் உண்டு. பிரான்சில் ரூஸே என்னுமிடத்தில் 2018 இல் தகடுகளுக்கென்றே ஓர் ஆலை திறந்தார்கள். ஐரோப்பாவில் 2012 ஆம் ஆண்டுச் சட்டம் தகடுகளை மின்கழிவு வரிசையில் சேர்த்து, எடையில் நூற்றுக்கு 80 பங்கை மறுபடி பயன்படுத்தவேண்டும் என்று கட்டளையிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கண்ணாடியையும் அலுமினியத்தையும் எடுத்துவிட்டாலே எடையில் 80 பங்கு வந்துவிடுமே! சிலிக்கனையும் வெள்ளியையும் தூளோடு தூக்கியெறிந்தாலும் சட்டம் நிறைவேறியதாகிவிடும். ஈயமும் எங்கோ மண்ணுக்குள் போய்விடும். எடையைக் கொண்டு அளக்கும் சட்டத்தில் இந்த ஓட்டை இருக்கிறது. நிறுவையின் சூட்சுமம் தெரிந்த நமக்கு இது புதிதன்று.

இந்தச் சிங்கப்பூரிலும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. 2023 ஆம் ஆண்டில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் பழைய வில்லைகளைச் சூடான பாஸ்பாரிக் ஆசிட்டில் ஊறவைத்து அலுமினியத்தையும் வெள்ளியையும் நீக்கி, 98.9 சதவீதச் சிலிக்கனை மீட்டிருக்கிறார்கள். அதன் சுத்தம் 99.2 சதவீதம். அதை மின்கலங்களில் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் முடிவு. பால் உறைய ஃபார்மிக் ஆசிட் விடுகிறோமே, அதுபோல ஒரே ஒரு ஆசிட்டில் காரியம் முடிவது இதன் சிறப்பு. இது ஆராய்ச்சிக் கூடத்து வெற்றி. தொழிற்சாலை வெற்றியாவது வேறு சங்கதி. வருகிற தகடு குறைவாக இருக்கும்வரை ஆலை போட யாருக்கும் துணிவு வராது. ஆலை இல்லாதவரை தகடு குப்பைக்கே போகும்.

மறுபடி நம் மரத்துக்கே வருகிறேன். 1877 இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் இந்தச் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. நம் பிழைப்பின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அதற்கப்புறம் நூறு வருஷம், சாய்த்த ரப்பர் மரத்தை என்ன செய்தார்கள்? புகைக் கொட்டகைக்கு விறகாக்கினார்கள். காட்டிலேயே குவித்துக் கொளுத்தினார்கள். பூச்சி அரிக்கும் மரம், ஒன்றுக்கும் உதவாது என்றார்கள். பிறகு மருந்தேற்றிப் பதப்படுத்தும் முறை வந்தது. 1980 களிலிருந்து அதே மரம் மேசை நாற்காலியாகி வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறியது. கழிவு என்று பெயர் வைத்தது செல்வமாயிற்று. (அந்தச் செல்வத்தில் அந்த மரத்தை வெட்டியவனுக்கு எத்தனை காசு வந்தது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.)

மறுநடவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? மலாயாவில் 1952 இல் மறுநடவு நிதிக்கென்று சட்டம் செய்து, ஏற்றுமதியாகும் ரப்பருக்குச் செஸ் வரி பிடித்தார்கள். மரம் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, அது சாயும் நாளுக்காகக் காசு ஒதுக்கப்பட்டது. 1973 இல் அமைந்த ரிஸ்டாவும் அந்த வழியில் வந்ததே. அந்த நிதி எப்படிப் பங்கிடப்பட்டது என்பதில் நமக்கு ஆயிரம் குறை இருக்கலாம். ஆனால் ஏற்பாட்டின் அடிப்படை சரியானது. ஆயுள் முடிந்தபிறகு பணம் தேடினால் கிடைக்காது. ஆயுள் இருக்கும்போதே எடுத்து வைக்க வேண்டும். சூரியத் தகட்டுக்கும் இதையேதான் நான் கேட்கிறேன்.

சிங்கப்பூர் இந்த வழியில் ஓரளவு நடந்திருக்கிறது. 2019 இல் நாடாளுமன்றம் வளங்களைப் பேணும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதன்படி 2021 ஜூலை 1 முதல், மின்சாதனங்களைச் செய்து விற்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் அவற்றின் கடைசிக் காலத்துக்குப் பொறுப்பாக்கப்பட்டார்கள். சூரியத் தகடும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆயுள் முடிந்த தகட்டை எடுத்துக்கொள் என்று வாடிக்கைக்காரர் கேட்டால், காசு வாங்காமல் எடுத்துக்கொண்டு, உரிமம் உள்ள மறுசுழற்சி நிலையத்துக்கு அனுப்பவேண்டும். தேசியச் சுற்றுப்புற வாரியம் இதைக் கண்காணிக்கிறது. வீவக கூரைகளில் பெரும்பாலும் தகடு கம்பெனிக்கே சொந்தம்; நகர மன்றம் மின்சாரத்துக்கு மட்டும் பணம் கட்டுகிறது. அதனால் அங்கே பொறுப்பு யாருடையது என்பதில் தகராறு வர இடம் குறைவு.

நல்ல சட்டந்தான். ஆனால் 25 வருஷத்துக்கு உயிரோடிருக்கும் தகட்டை விற்ற கம்பெனி, 25 வருஷம் உயிரோடிருக்குமா? கடையை மூடிவிட்டுப் போய்விட்டால் யாரைக் கேட்பது? கேட்டால் எடுத்துக்கொள் என்ற சட்டத்துக்கும், விற்கும்போதே ஒரு தொகையைக் கட்டிவை என்ற செஸ் வரிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும்.

நமது தாயகத்திலும் இதே நிலைதான். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016 இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழும்பியது. 2,500 ஏக்கர் நிலம். 25 லட்சம் தகடுகள். தண்ணீர்ப் பஞ்சம் பிடித்த அந்தச் சீமையில் வெயிலாவது பயன்பட்டதே என்று மகிழ்ந்தோம். அங்கே தகடுகளுக்கு வயதாகும்போது என்ன ஏற்பாடு? 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள இந்திய மின்கழிவு விதிகள் சூரியத் தகட்டையும் சேர்த்திருக்கின்றன. ஆனால் 2034–35 வரை கழிவைப் பத்திரமாகச் சேர்த்து வையுங்கள் என்பதே அதன் சாரம். சேர்த்து வைக்கிற இடத்துக்குக் காவல் யார், மழைத்தண்ணீர் அதன்மேல் ஓடி எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்பதை அந்த ஊர்க்காரர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

தோழர்களே! இனிதான் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி பொறுப்பு, சர்க்கார் பொறுப்பு என்று பேசினோம். கடைசியில் தகட்டைக் கையால் தூக்கி உடைக்கிறவன் ஒரு தொழிலாளி. அவனைப் பற்றிச் சட்டப் புத்தகங்களில் அதிகம் பேச்சில்லை.

இந்தத் தேக்காவுக்குப் பக்கத்தில்தான் சுங்கை ரோடு சந்தை இருந்தது. உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். காராங் கூனிக்காரர்கள் வீடு வீடாகப் போய் வாங்கிவந்த பழைய வானொலி, விசிறி, கடிகாரம் எல்லாம் அங்கே தரையில் பரப்பியிருக்கும். 2017 ஜூலை 10 ஆம் தேதி அந்தச் சந்தை மூடப்பட்டது. மறுசுழற்சி என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே அந்தத் தொழிலைச் செய்தவர்கள் அவர்கள். நாமும் அந்த இனந்தான். மரத்தில் ஒட்டிய ஒட்டுப்பாலையும் மங்கில் உறைந்த கட்டிப்பாலையும் விடாமல் பொறுக்கிக் கூடையில் போடுகிறவர்கள். ஆனால் பழைய விசிறியைப் பிரிப்பதுபோல் சூரியத் தகட்டைப் பிரிக்க முடியாது.

ஏன்? வெளிச்சம் படும்வரை தகடு மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். அதற்கு ஸ்விட்ச் கிடையாது. கூரையில் வரிசையாக இணைத்த தகடுகளில் பல நூறு வோல்ட் ஓடும். கம்பியை அறுக்கும்போது தீப்பொறி பறந்தால் எளிதில் அணையாது. உடைந்த தகடும், நனைந்த தகடும் இன்னும் மோசம். நொறுக்கும் இடத்தில் கண்ணாடித் தூளும் சிலிக்கன் தூளும் ஈயத் தூளும் பறக்கும். அது நுரையீரலுக்கு ஆகாது. செம்பு எடுப்பதற்காகக் கம்பியைக் கொளுத்துகிறவனும், பின்தாளைக் கொளுத்துகிறவனும் விஷப் புகையை இழுக்கிறான். பல தகடுகளின் பின்தாளில் ஃபுளோரின் சேர்ந்த பிளாஸ்டிக் இருக்கிறது. அதன் புகை கண்ணையும் நெஞ்சையும் அரிக்கும். நம் பக்கத்துக் கெடா மாநிலம் கூலிமில் ஒரு கம்பெனி காட்மியம் சேர்ந்த வேறுவகைத் தகடுகள் செய்கிறது. காட்மியம் விஷப்பொருள். செய்த கம்பெனியே திருப்பி எடுத்துப் பிரிக்க ஏற்பாடு வைத்திருக்கிறது. மற்ற வகைத் தகடுகளுக்கும் அந்த ஏற்பாடு ஏன் கட்டாயமாகக் கூடாது?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் இந்தச் சிராங்கூன் சாலையில் நடந்து பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்த வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். கட்டடம் கட்டுகிறவர்களும் கூரையேறுகிறவர்களும் அவர்களில் உண்டு. நாளைக்குத் தகட்டை இறக்கப்போவதும் அவர்களைப் போன்றவர்கள்தான். ஏறும்போது இடுப்பில் கயிறு உண்டா, கையுறை உண்டா, தகட்டை மூடும் துணி உண்டா, நொறுக்கும் ஆலையில் தூளை இழுக்கும் விசிறியும் முகமூடியும் உண்டா, ரத்தத்தில் ஈயம் பார்க்கும் சோதனை வருஷத்துக்கு ஒரு முறையாவது உண்டா என்று யார் கேட்பது? தொழிற்சங்கம்தான் கேட்க வேண்டும். பசுமை வேலை என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் கூலியும் பாதுகாப்பும் பச்சையாகிவிடாது.

கழிவு விஷயத்தில் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை ஜொகூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய வேதிக் கழிவால் ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத் திணறி வைத்தியம் தேடினார்கள். 111 பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அது சூரியத் தகடன்று. ஆனால் கழிவைச் செலவின்றித் தொலைக்க நினைக்கும் புத்தி எல்லாக் கழிவுக்கும் ஒன்றுதான். குப்பைமேட்டில் போடுவது மலிவு. முறையாகப் பிரிப்பது அதைப்போல் பல மடங்கு செலவு. இந்த வித்தியாசம் இருக்கும்வரை இரவில் லாரி ஓடும்.

மலேசியாவில் இப்போது தோட்ட நிலத்தைச் சூரிய மின்பண்ணைக்குக் குத்தகை விடும் பேச்சு நடக்கிறது. உங்கள் தோட்டத்துக்கும் வரலாம். வந்தால் கிராணிமார்கள் குத்தகைப் பத்திரத்தில் ஒன்றைப் பார்க்கவேண்டும்: குத்தகை முடியும்போது தகடுகளை யார் செலவில் அகற்றுவது, அதற்கான பணம் முன்கூட்டியே எங்கே கட்டப்பட்டிருக்கிறது? பத்திரத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், மாநேஜரிடம் எழுத்தில் கேளுங்கள். சங்கத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

வீட்டுக் கூரையில் தகடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புயலில் உடைந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். பழைய இரும்புக்காரனுக்குப் பத்து வெள்ளிக்குப் போட்டுவிடாதீர்கள். அவனும் நம்மைப்போல ஒரு பிழைப்புக்காரன், அதை என்ன செய்வதென்று அவனுக்கும் தெரியாது. விற்ற கம்பெனியைக் கூப்பிடுங்கள். தகட்டின் பின்புறத்தில் ஒட்டிய சீட்டில் கம்பெனிப் பெயரும் வரிசை எண்ணும் இருக்கும். வைக்கும் அன்றே அதைக் கொப்பியில் எழுதி, ரசீதோடு சேர்த்து வையுங்கள். வெயிலில் இருபது வருஷம் கிடந்த சீட்டில் எழுத்து இருக்காது.